எல்லாப் படத்திலும் ஒரே இடம்

வெயிலில் கிடந்த கற்காளையைச் சுற்றிச் சுற்றி வந்து கேமரா அறுபது படம் எடுத்தது. எல்லாவற்றையும் சேர்த்து, காளையின் உருவத்தை அப்படியே திரையில் எழுப்பியது. திமில் இருந்தது, கழுத்துமணி இருந்தது. இடது காது மட்டும் படங்களில் சரியாக விழாததால், திரையில் அங்கே ஓட்டை. காளையின் மேலேயே காலம் தள்ளிய மைனாவைக் காணோம்.

"நான் எங்கே?" என்றது மைனா.

"நீ ஒரு படத்துல கொம்புல இருக்கே, அடுத்த படத்துல வால்ல. எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல இருந்தாத்தான் சேர்ப்பேன். மிச்சத்தைத் தூசின்னு துடைச்சிடுவேன்" என்றது கேமரா.

மைனாவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் திரையில் இருந்த காது ஓட்டையைச் சரிசெய்ய கேமரா திரும்ப வந்தது. இந்த முறை இருநூறு படம். மைனா காளையின் கொம்புகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. உச்சிவெயிலில் கல் கொதித்தது.

"போய்த் தண்ணி குடிச்சிட்டு வாம்மா" என்றது காளை.

"பேச்சுக் கொடுக்காதீங்கண்ணே, அசைஞ்சிடுவேன்."

"நான் கல்லு, எனக்கு வேற வழியில்லை. உனக்கென்ன தலையெழுத்து?"

மைனாவின் கண் மட்டும் கேமராவையே பார்த்தது.

சாயங்காலம் கேமரா பூரித்துப்போய்ச் சொன்னது: "இந்தத் தடவை ஒரு இறகுகூட விட்டுப்போகல!"

"கேட்டியாம்மா? நீயும் வந்துட்டே. இனிமே பறக்கலாம்" என்றது காளை.

கொம்புகளுக்கு நடுவே மைனா அசையவே இல்லை.