சுவருக்கு அந்தப் பக்கம்

"இந்தச் செவுத்தை இடிக்கோணும், ஒரு கை குடு தமிழரசு" என்று கடப்பாரையை நீட்டினார் சர்ச் செயலாளர் சாமுவேல்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாடு சுற்றிவிட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கிய தமிழரசுவால் நம்ப முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவர் அது. அவன் அம்மாவைப் புதைத்தது, ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று விட்ட அந்தப் பக்கத்தில்தான். எடுத்துவிடலாம் என்று பாஸ்டர் கெஞ்சியபோதெல்லாம், "பெரியவங்க கட்டுனதுங்க" என்று மறுத்தவர் இதே சாமுவேல்.

"கடைசியில பாஸ்டர் ஜெயிச்சுட்டாருங்க" என்று கடப்பாரையை ஓங்கினான். "அவரு எங்கீங்க?"

சாமுவேல் தலை குனிந்துகொண்டார்.

"நேத்து காலமாயிட்டாரு சாமி. உங்கம்மா பக்கத்துலதான் குழி வெட்டோணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரை எப்படி அந்தப் பக்கம் தனியா உட்டுட்டு வாரது?"