ஆமை ஆட்டம்

"வாஷிங் மெஷின் ஓடும்போது இஸ்திரிப் பெட்டியை யாரு போட்டது?"

"நான்தான், அபு கரீம். கசங்கின சட்டையோடவா மகனைப் பார்க்கப் போவீங்க?" என்றாள் மனைவி லமியா.

"அஞ்சு ஆம்பியர் லைன் ரெண்டையும் தாங்குமா? முதல்ல டிக்கெட் கிடைக்கட்டும், உம்மு கரீம்."

ஃபவ்வாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் வழக்கப்படி இருவரும் ஒருவரையொருவர் யார் பெயரால் கூப்பிடுகிறார்களோ, அந்த மகன் கரீம் சைப்ரஸுக்குச் சமையல் வேலைக்குப் போய் மூன்று வருஷம். கணினியில் நடக்கும் இந்த போக்கர் போட்டியில் முதல் இரண்டு பேருக்கு, சைப்ரஸ் சீட்டுப் பந்தயத்தில் இடம், ஜோடியாகப் போய்வர விமான டிக்கெட், தங்க அறை. காலையில் அறுநூறு பேர் உட்கார்ந்த ஆட்டத்தில் இப்போது மூன்றே பேர். பெய்ரூத்தில் இவர், அதே லெபனானின் ஸைதாவில் 'ஸுமாக்' என்று ஒருவர், அப்புறம் 'துபாய் புலி'. மூன்றாவது இடத்தோடு வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடையாது.

இந்த நேரம் பார்த்து மின்சாரம் துண்டித்து, இணையமும் போயிற்று. போனிலும் டேட்டா தீர்ந்திருந்தது.

அரசு மின்சாரம் இல்லாத நேரத்துக்குக் காசு வாங்கி லைன் தரும் ஜெனரேட்டர்காரன் வைத்த ஸ்விட்ச் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இவர் வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் நின்று வருஷக்கணக்காகிறது.

ஆள் இல்லாவிட்டாலும் போக்கரில் சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பணயம் போய்க்கொண்டே இருக்கும். ஐம்பத்தெட்டு வயது முழங்காலைச் சபித்துக்கொண்டே இறங்கினார். ஸ்விட்சைத் தூக்கிவிட்டு, மூச்சிரைக்க ஏறி வந்தார். இணையம் உயிர்பெற ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. எல்லாம் முடிந்திருக்கும் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் திரையைப் பார்த்தார்.

பணயச் சில்லுகள் கொஞ்சம்தான் குறைந்திருந்தன.

அரட்டையில் துபாய் புலி பொரிந்துகொண்டிருந்தான். "ஸுமாக், நீ ஆடுறியா, தூங்குறியா? ஒரு சீட்டை மடிக்க இவ்வளவு நேரமா?"

அப்போதுதான் ஃபவ்வாஸ் கவனித்தார். ஒவ்வொரு முடிவுக்கும் பதினைந்து விநாடி. அது போதாவிட்டால் எடுத்துக்கொள்ள ஆளுக்கு எட்டு நிமிஷம் சேமிப்பு, அதுவும் போட்டி முழுதுக்கும் சேர்த்து. ஸுமாக்கின் சேமிப்பு சுத்தமாகக் காலி.

"ஆமைக்கு எதுக்கு ஓட்டப்பந்தயம், ஹாஜி?" என்று இவரும் தன் பங்குக்கு எழுதினார்.



அவர் திரும்பி வந்தபின் நாலாவது ஆட்டத்தில் வந்தது வினை. ஸுமாக்கின் சில்லுகளில் பெரும்பகுதி நடுவில் கிடந்தது. ஃபவ்வாஸின் கையில் ஒன்றுக்கும் உதவாத சீட்டு. இருந்தாலும் துணிந்து, இருப்பதையெல்லாம் தூக்கி வைத்தார். ஒரு நிமிஷம் நிதானமாக யோசித்தால் எவனும் கண்டுபிடித்துவிடக்கூடிய பொய்.

"யோசிக்கிறானே," என்றாள் லமியா.

"யோசிக்க அவன்கிட்ட நேரம் எங்க இருக்கு?"

பதினைந்து விநாடி ஓடியது. ஸுமாக்கின் சீட்டுகள் தானாக மடிந்தன; நடுவில் கிடந்ததெல்லாம் ஃபவ்வாஸுக்கு. அடுத்த ஆட்டத்தில் மிச்சமும் போய், அவர் வெளியேறினார்.

ஃபவ்வாஸ் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "நேரத்தோட அருமை தெரியாதவனுக்கு இதுதான் கதி. வேணும் அவனுக்கு."

லமியா சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கு ஒண்ணு புரியல. நீங்க ஒன்பது நிமிஷம் இங்க இல்ல. அப்புறம் எப்படி நம்ம சில்லு தப்பிச்சது?"

"அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டம் நம்ம வீட்டுக்கு ஆறு மாடி ஏறி வந்துச்சாக்கும். பாருங்களேன்."

அவருக்கும் அந்தச் சந்தேகம் அரித்துக்கொண்டுதான் இருந்தது. முடிந்த ஆட்டத்தின் பதிவைத் திறந்தார். அந்த ஒன்பது நிமிஷத்தில் பதினைந்து ஆட்டமாவது நடந்திருக்க வேண்டும். நடந்தது மூன்றே மூன்று. ஒவ்வொரு தடவையும் ஸுமாக் சேமிப்பிலிருந்து நிமிஷக்கணக்கில் எடுத்துக் காத்திருந்த பிறகே சீட்டை மடித்திருந்தார். அதற்கு முன்னால் காலையிலிருந்து அவர் சேமிப்பில் ஒரு விநாடிகூடத் தொட்டிருக்கவில்லை.

"இதென்ன கூத்து?" என்று முணுமுணுத்தபடி, தான் இல்லாதபோது நடந்த அரட்டையை மேலே தள்ளினார்.

துபாய் புலி எழுதியிருந்தான்: "பெய்ரூத்காரன் லைன் போயிடுச்சு. வேகமா ஆடு ஸுமாக். அவன் சில்லு கரைஞ்சதும் நாம ரெண்டு பேரும் டிக்கெட்டோட எழுந்திரிக்கலாம்."

அதன் கீழே ஸுமாக்கின் பதில் இருந்தது. லமியாதான் வாய்விட்டுப் படித்தாள்.

"பாவம், கீழ போய் ஸ்விட்சைத் தூக்கிட்டுப் படியேறி வரணும். எத்தனாவது மாடியோ. வரட்டும், எனக்கு நிறைய நேரம் இருக்கு."