எல்லா பட்டனும் தெரிந்தவர்

மரக்காணம் உப்பளத்து வரப்பில் படம் எடுக்கப் போன மருமகன் ரயானைப் பாம்பு கடித்துவிட்டது. ஹபீப் முஹம்மதுவும் மகள் ஹஸ்னாவும் அவனைத் தூக்கிவந்து, அவனுடைய புது சொகுசு காரின் பின்சீட்டில் கிடத்தினார்கள்.

"அத்தா, நீங்களே எடுங்க. நான் லைசென்ஸ் வாங்கி பத்து நாள்தான் ஆவுது."

துபாயிலிருந்து பதினாறு வருடமாக ஹபீப் அனுப்பிய படங்கள் கோட்டக்குப்பம் வீட்டுச் சுவர் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெரிய காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்.

ஹபீப் ஏறினார். அவர் விரல்கள் எதையும் தேடவில்லை. ஒரு பட்டனில் எஞ்சின் ஓடியது. அடுத்ததில் பின்சீட் சாய்ந்து, குளிர்காற்று வந்தது. திரையைத் தொட்டதும் வண்டியின் நாலு பக்கமும் தெரிந்தது. இரண்டு புறமும் உப்புப் பாத்தி, நடுவில் கார் அகலத்துக்கே மண் பாதை.

"ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரம் அத்தா?"

"பதினெட்டு நிமிஷம் காட்டுது."

வண்டி நகரவில்லை.

"அத்தா, அவருக்கு கண்ணு சொருவுது. ரிவர்ஸ் எடுங்க."

ஹபீப் கியர் மேல் வைத்த கையை எடுத்தார். சட்டென்று இறங்கி, மகளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ வந்து ஓட்டும்மா."

"என்ன அத்தா, இப்பப் போயி..."

"ஷேக் வீட்ல நான் வண்டி தொடைக்கிறவன்மா. ஒருநாள்கூட ஓட்டினதில்ல. பட்டனெல்லாம் தொடைச்சுத் தொடைச்சே தெரிஞ்சிக்கினது. நீ ஓட்டு. எத அழுத்தணும்னு நான் சொல்றேன்."