காற்றுப் புகாத மூடி

மூன்றாவது பாட்டிலும் அதே கதைதான்.

மார்னி கெல்லர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். குடிக்காமலே மேஜையில் வைத்துவிட்டாள். இளம்பச்சையாக மின்ன வேண்டிய வெள்ளை ஒயின், ஆறிப்போன டீயின் நிறத்தில் இருந்தது. அழுகிய ஆப்பிள் வாசம் வேறு.

"எல்லாம் போச்சும்மா," என்றார் ரெக் ஷூல்ட்ஸ், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு. சாவு வீட்டில்கூட அவர் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கிளேர் பள்ளத்தாக்கின் ஒயின்காரர்கள் அத்தனை பேரும் ரெக்கின் கிடங்குக்கு வருகிறார்கள். மார்னி வடிவமைத்த திருகு மூடியைப் போட்டு இரண்டு வருடமாக இங்கே படுக்க வைத்திருந்த ரெக்கின் ஒயினை ருசி பார்த்து, பழைய கார்க் அடைப்பானைத் தலைமுழுகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க. வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அடிலெய்டில் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் மூடிக் கம்பெனி அவளைத் தலைமுழுகிவிடும். முதலாளி அதைச் சிரித்த முகத்தோடுதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒயின் எப்படி ருசிக்கும் என்பதில் மார்னிக்கு அக்கறை கிடையாது. அவள் பீர் கட்சி. உள்ளே போனது போனபடியே வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் அவள் வேதாந்தம். அதற்காக, மூடிக்குள் ஒட்டும் மெல்லிய தகட்டோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருந்தாள்.

சோதனைக்கு யார் கிடங்கு என்ற பேச்சு வந்தபோது பள்ளத்தாக்கே ரெக்கைத்தான் கைகாட்டியது. கார்க்கால் அவர் அளவுக்கு நொந்தவர் அங்கே யாருமில்லை. விருந்துகளில் தன் பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, "அருமையான சரக்கு, பாழாப்போன கார்க்கு கெடுத்துடுச்சு" என்று கண் கலங்குவார். விருந்தாளிகளும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே கலங்குவார்கள். பாவம், அத்தனை துரதிர்ஷ்டமும் ஒரே மனிதருக்கு.

மார்னி கழற்றிய மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூடியின் தலையில் அச்சிட்டிருந்த திராட்சைக் கொத்தில், ஒரே ஒரு பழத்தின் நடுவே வெளிச்சம் புகுந்து வந்தது. ஊசித் துளை. அடுத்த மூடியிலும் அதே பழம். அதற்கடுத்ததிலும்.

"இது தானா கெடலை ரெக். யாரோ உக்காந்து ஒவ்வொண்ணா குத்தியிருக்காங்க. தகட்டையும் தாண்டி ஓட்டை, அது வழியா காத்து புகுந்திருக்கு."

"யாரோ என்ன யாரோ? அந்தக் கார்க்கு வியாபாரிதான். மாசாமாசம் இங்க வந்து நிக்கிறானே, என் மூஞ்சி அழகைப் பார்க்கவா?"

சொல்லி வைத்தாற்போல் வாசலில் வேன் வந்து நின்றது. அன்செல்மோ. போர்ச்சுகலில் பிறந்து, பள்ளத்தாக்கு முழுக்கக் கார்க் விற்று, அந்தச் செழிப்பில் முன்பல்லுக்குத் தங்கம் கட்டியவர். தங்கத்தைக் காட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன மார்னி, நாளைக்குக் கல்யாணமா, கருமாதியா?"

மார்னி துளை விழுந்த மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க. குத்தினது நீங்கதானே?"

அன்செல்மோ மூக்குக்கண்ணாடியை இறக்கி, அடகுக்கடைக்காரர் நகை பார்ப்பதுபோல் பார்த்தார். "சுத்தமான வேலை. ஆனா எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? மாட்டினா என் பொழைப்பு என்னாகும்?"

"இந்த மூடி ஜெயிச்சா மட்டும் உங்க பொழைப்பு என்னாகும்?"

தங்கம் உதட்டுக்குள் மறைந்தது.

"போலீஸைக் கூப்பிடு," என்றார் ரெக். "நாளைக்கு வர்ற எல்லார் முன்னாடியும் விலங்கு மாட்டட்டும். என் ஒயினைக் கெடுத்தது யாருன்னு ஊரு நல்லா பார்க்கட்டும்."

"போலீஸ் மெதுவா வரட்டும்." அன்று முதல்முறையாக மார்னி சிரித்தாள். "உங்க ஒயின் எங்கயும் போயிடலை ரெக். மூடி போட்ட அன்னிக்கே ரெண்டு பெட்டி என் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன், காத்து புகுதான்னு அளக்க. துளிகூடப் புகலை. நானும் திறக்கலை, வேற யாரும் தொடவும் இல்லை. அடிலெய்டு போய் எடுத்துட்டு வந்துடறேன். நாளைக்கு அதைத்தான் ஊத்தப் போறோம்."

அன்செல்மோ அவளைப் பார்த்தார். ரெக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு மூடியை மேஜையில் வைத்துவிட்டு வேனை நோக்கி நடந்தார். நியாயமாக அந்த முகம் இருண்டிருக்க வேண்டும். மனிதர் விசிலடித்துக்கொண்டு போனார்.

மார்னி கார் சாவியை எடுத்தாள். ரெக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"போகாதேம்மா."

"ஏன் ரெக்? கார்க்கு குறுக்க வராம, நீங்க செஞ்ச ஒயினைச் செஞ்சபடியே ஊரு முதல்முறையா குடிக்கப் போகுது. சந்தோஷப்படுங்க."

ரெக் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்.

"என் ஒயின் பொறந்ததுலேருந்தே மட்டமான சரக்குதான்ம்மா, இத்தனை வருஷமா பழியைச் சுமக்க ஒரு கார்க்காவது இருந்துச்சு, உன் மூடி சுமக்காதுன்னு தெரிஞ்சுதான், போட்ட வாரமே ஊசியோட உக்காந்து அத்தனையையும் நானே குத்தினேன்."