மாடிக் குழாய்க்கு ஒரு நோட்டீஸ்

பிளம்பர் சித்தீக்கின் டூல்ஸ் பையோடு வந்து நின்றவனிடமிருந்து மல்லிகைப்பூ வாசம் தூக்கலாக அடித்தது. கல்யாணசுந்தரம் மாடிப்படியில் குறுக்கே நின்றுகொண்டார்.

"சித்தீக் எங்கே?"

"தாராசுரத்துல ஒரு வேலையில மாட்டிக்கிட்டாரு. மாடியில குழாய் ஒழுகுது, நீ போய்ப் பாருன்னு பையைக் கொடுத்து அனுப்பிச்சாரு."

"ஸ்பேனர் எது, கட்டிங் பிளேயர் எதுன்னாவது தெரியுமாடா உனக்கு?"

"தெரியாம என்ன, இதோ ஸ்பேனர்" என்று அவன் பைக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டியது கட்டிங் பிளேயர். கல்யாணசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒருகாலத்தில் அவரும் இத்தனை கறார் கிடையாது. ரிட்டயர்மெண்ட் பணத்தைக் கொட்டி மாடியில் ஒரே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டவர், முன்பு இதே குழாய் ஒழுகியபோது, நம்ம வீடு, நம்ம குழாய் என்று சித்தீக்கை அழைத்துக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார். குடியிருந்தவர் துண்டோடு மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். எழுந்ததும் முதல் வேலையாக வாடகை அதிகாரிக்குப் புகார் எழுதினார்.

"ஐயா, வீடு உங்களுதுதான். கதவு அவங்களுது" என்று அதிகாரி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பலபேர் நடுவில் கைகட்டி நின்ற அவமானம் கல்யாணசுந்தரத்துக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து மாடியில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் முதல் நாளே நோட்டீஸ் கொடுத்துவிடுவார்.

இப்போது குடியிருக்கும் மங்களாம்பிகை சட்டத்தில் அவருக்கே பாடம் எடுப்பவர். மும்பையிலிருந்து வந்து, ஆடி பிறப்பதற்கு முன்பே அவசர அவசரமாகப் பால் காய்ச்சி, மகள் வித்யாவோடு மாடிக்குக் குடிவந்தார். மகளுக்குக் கும்பகோணத்தில் டீச்சர் வேலை, மாசக்கணக்கில் லீவு கிடைக்காதாம். ஆவணி பிறந்ததும் காலி செய்துவிடுவதாகப் பேச்சு.

வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று இவராகவே சொல்லியும் அந்த அம்மாள் மசியவில்லை.

"முழு வாடகையும் வாங்கிக்குங்க. அப்பதான் அது எங்க வீடு. அக்ரிமெண்ட்டையும் பதிவு பண்ணிடுங்க. அப்புறம், சொல்லாம கொள்ளாம கீழேயிருந்து ஒரு ஆள் படியேறினாலும் நான் புகார் கொடுத்துடுவேன், ஆமாம்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டு சொல்பவர்களைக் கண்டாலே கல்யாணசுந்தரத்துக்கு இப்போதெல்லாம் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"பையைத் திற" என்றார்.

அவன் தயங்கித் தயங்கித் திறந்தான். மேலே வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ. அதற்கடியில் திருவையாற்றிலிருந்து வாங்கிவந்த அசோகா அல்வா, சூடு ஆறாமல் பொட்டலத்தில் நெய் கசிந்துகொண்டிருந்தது.

"ஏண்டா, ஒழுகுற குழாய்க்கு அசோகாவா ஊட்டப்போறே?"

அதற்கு மேல் நடிக்க அவனால் முடியவில்லை. "அஞ்சே நிமிஷம். வித்யாவை ஒரு தடவை பார்த்துட்டு, இதைக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினான்.

கல்யாணசுந்தரத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு காலத்தில் அவரும் ஆனந்தவல்லியின் முகத்தைப் பார்க்கத் திருப்பனந்தாளுக்கு பஸ் ஏறி, அவள் வீட்டு வாசலோடு திரும்பி வந்தவர்தான்.

இன்று அவருடைய மனைவியாக அடுக்களையில் இருந்த அதே ஆனந்தவல்லி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "விட்டுடுங்களேன்! அவன் முகத்தைப் பாருங்க, எப்படி வாடிப்போய் நிக்கிறான்."

"நீ சும்மா இரு. புகார் போச்சுன்னா நீயா வந்து கைகட்டி நிப்பே?"

அந்த நேரம் பார்த்து மாடியில் கதவு திறந்தது. "யாரு அங்க சத்தம்?" என்று கேட்டபடி மங்களாம்பிகை தடதடவென்று இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் வித்யா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் இவன் கையிலிருந்த கட்டிங் பிளேயர் நழுவிக் கீழே விழுந்தது.

கல்யாணசுந்தரம் இரண்டு கைகளையும் விரித்துப் படியை மறித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு படி கூட ஏற விடலை நான். நோட்டீஸ் குழாய்க்குத்தான் கொடுத்தேன், இவனுக்குக் கொடுக்கலை!"

மங்களாம்பிகை பூவைப் பார்த்தார், அசோகாவைப் பார்த்தார், மிரண்டுபோய் நிற்கும் வீட்டுக்காரரையும் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் நேற்றைய நோட்டீஸைத் தேடி எடுத்தார்.

"குழாயைச் சரி பண்ண உங்க சார்பா ஒரு ஆள் வருவாருன்னுதானே போட்டிருக்கீங்க? எந்த ஆள்னு போடலையே. அப்ப சட்டப்படி நான் தடுக்க முடியாது" என்றார்.

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. படியில் ஒதுங்கி வழிவிட்டபடியே, கையில் பூவோடு நின்றவனைக் காட்டிச் சொன்னார்.

"கால் மணி நேரம்தான், சம்பந்தி! அதுக்குள்ள மாப்பிள்ளை குழாயைப் பார்த்துட்டு இறங்கிடணும், ஆடி இன்னும் முடியலை!"