தம்பி அணி

என் தம்பி சஹ்ரில் வாயில் பாதி வாழைக்காய்ப் பஜ்ஜியோடு பெஞ்சின் மேல் ஏறி நின்றான்.

"முதலிடம். நம்ம டீம் முதலிடம்."

நம்ம டீம் ஸ்பெயினில் இருக்கிறது. இரண்டாவது டிவிஷன். அதன் பெயர் எங்கள் கப்பல் பட்டறையில் ஒருவர் வாயிலும் நுழையாது.

சிங்கப்பூரிலிருந்து எங்கள் பாத்தாம் தீவுக்குப் படகில் வரும் பழைய துணி மூட்டையில் சஹ்ரில் ஒரு பச்சைக் கோடு போட்ட பனியனைக் கண்டெடுத்தான். பனியன் பொருந்தியது. அதனால் அணியும் அவனுடையதாகிவிட்டது. ஒரு வருடமாக வேலை உடுப்புக்கு உள்ளே அதைப் போட்டுக்கொண்டுதான் வெல்டிங் செய்கிறான். கழுத்துப் பக்கம் தீப்பொறி பட்டுச் சல்லடையாகிவிட்டது.

"எறங்குடா. திங்கிற எடத்துல பூட்ஸ வைக்கிறான்" என்றான் தோகார். சாரம் கட்டுகிறவன். எங்கள் மேசையில் வாய் நீளமானவன்.

சஹ்ரில் குதித்து இறங்கி மூன்று பேருக்கும் தே ஓபெங், ஐஸ் போட்ட டீ, சொன்னான். அணி மேலே போகிறது. அவனும்தான். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம், அதற்கடுத்த மாதம் அவனுக்கு என்று பேச்சு. நூரியா ரொம்ப நாளாகக் காத்திருக்கிறாள். இந்த வருடம் தாண்டினால் வேறு மாப்பிள்ளை பார்ப்போம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

எங்களில் அபாங், அதாவது அண்ணன், கல்யாணமாகாமல் உட்கார்ந்திருக்கத் தம்பி நிலைப்படியைத் தாண்ட மாட்டான்.

தாண்ட ஒரு வழி உண்டு. அண்ணன் வாயைத் திறந்து தம்பியிடம் ஒரு பொருளைக் கேட்க வேண்டும். தம்பி கொடுத்துவிட்டுத் தாண்டலாம். தம்பி தானாக அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எந்த அண்ணன் கேட்பான்? கேட்டால், தனக்குப் பெண் அமையவில்லை என்று அவனே ஊருக்குச் சொன்னதாக ஆகும். அதனால் தம்பிகள் வாசலிலேயே நின்று நரைத்துப்போவதுதான் வழக்கம்.

தோகார் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான்.

"சஹ்ரில், உன் டீம் கீழ போவுது."

"மேலடா."

"கீழ. மூணாவது டிவிஷனுக்கு."

"போனத் தலைகீழாப் புடிச்சிருக்க."

தோகார் அதை என் பக்கம் தள்ளினான். "பஹ்ரும், நீயே படிச்சுச் சொல்லு. நான் சொன்னா இவன் என்னச் சாரத்துலேர்ந்து தள்ளி விட்ருவான்."

படித்தேன். என்ன கண்றாவி விதி இது என்று கீழே எவனோ எழுதியிருந்தான். எனக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

"இது தனி டீம் இல்லடா. பெரிய கிளப்பு ஒண்ணோட தம்பி டீம். அண்ணன் மொத டிவிஷன்ல, தம்பி ரெண்டாவதுல. ரெண்டு பேரும் ஒரே டிவிஷன்ல ஆடக் கூடாது."

"சரி, அண்ணன் மேலதான இருக்கான்?"

"அவன் தோத்து ரெண்டாவதுக்கு வந்துட்டான். அண்ணன் வந்து நிக்கிற எடத்துல தம்பி நிக்கக் கூடாது. மொதலிடம் வந்தாலும் எறங்கணும்."

"அண்ணன் தோக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் உனக்கு மேல எடமில்ல" என்றான் தோகார். "மேல அண்ணன் இருக்கானே."

சஹ்ரில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "தம்பி என்னடா தப்புப் பண்ணான்?"

"தம்பியாப் பொறந்தான்" என்றான் தோகார்.

அடுத்த மேசைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சஹ்ரில் சிரிக்கவில்லை. எவன் மேலாவது கோபப்பட்டே ஆக வேண்டும் அவனுக்கு.

"அந்த அண்ணன் எப்பத் தோத்தான்?"

"நேத்து மத்தியானம்" என்றேன்.

தோகார் திரையைப் பார்த்தான். "மேட்சு சனிக்கிழமைன்னு போட்ருக்கு."

"மேட்சு சனிக்கிழமைதான்."

காலையிலிருந்து பையில் உறுத்திக்கொண்டிருந்த சிவப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் நிச்சயத்துக்கு நானும் சஹ்ரிலும் போய் வாங்கிய மோதிரம். நேற்று அவன் ஓவர்டைமில் இருந்தபோது பெண்ணின் சித்தி வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சஹ்ரில் பெட்டியைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. பஜ்ஜியின் மிச்சத்தைத் தட்டில் வைத்தான். எண்ணெய்க் கையைத் தொடையில் துடைத்தான். நூரியாவின் பெயரை அவன் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"பரவால்ல அபாங்" என்றான். "மூணாவது டிவிஷன்லயும் மேட்சு நடக்கும்ல."

தோகார் தன் குவளையில் இருந்த ஐஸைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

வேலை தொடங்கச் சங்கு ஊதியது. பெஞ்சுகள் இழுபடும் சத்தம். சஹ்ரில் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அந்தப் பனியனக் கழட்டு" என்றேன்.

"எதுக்கு?"

"எனக்கு வேணும்."

"உன் வயித்துக்கு இது ஏறாது அபாங். ஓட்டை வேற."

"வேணும்னு கேக்குறேன்ல?"

அவன் அப்போதும் முழித்துக்கொண்டு நின்றான். தோகார்தான் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

"குடுத்துத் தொலைடா மடையா. அண்ணன் வாயத் திறந்து கேக்குறான்."

சஹ்ரில் உடுப்பின் ஜிப்பை இடுப்புவரை இறக்கினான். அத்தனை பேர் வேலைக்குப் போகும் வழியில் நின்றுகொண்டு பனியனைத் தலைவழியே உருவி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். வியர்வையும் தீய்ந்த இரும்பும் நாறின.

அண்ணன் கேட்டால் தம்பி தாண்டலாம் என்று ஸ்பெயினில் ஒரு விதி கிடையாதாம். பட்டறை வாசல்வரை தோகார் கைபேசியில் தேடிக்கொண்டே வந்தான்.