சுத்தமான ஈரல்

சுவிசேஷமுத்துவின் உடலை அறுத்துப் பார்த்ததிலிருந்து டாக்டர் தேவசிகாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயிறு வீங்கி, ரத்தவாந்தியெடுத்து இறந்த மனிதர். குடியால் ஈரல் கெட்டுவிட்டதென்றே டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். சுவிசேஷமுத்துவும் கோயிலில் சபை முன்னால் முழங்காலிட்டு, ‘நான் குடிகாரன்’ என்று அழுதவர்தானே! ஈரலோ பச்சைப்பிள்ளையின் ஈரல்போல் சுத்தமாக இருந்தது. அதற்குள் போகும் பெரிய ரத்தக்குழாய்தான் உறைந்து அடைத்துக் கிடந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து களக்காட்டில் இறந்தவரின் வீடு வரை வண்டிக்காரனை விரட்டிக்கொண்டே வந்தார்.

“ஜெபகனியம்மா, உங்க வீட்டுக்காரர் குடிக்கவே இல்லம்மா! ரத்தம் உறைஞ்சதால வந்த நோவு அது. ஞாயித்துக்கிழமை கோயில்ல நானே எந்திச்சுச் சொல்லுதேன்.”

ஜெபகனி பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“பையப் பேசுங்கய்யா! அவுக குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? அவுக அப்பாவும் அண்ணனும் இப்படி வயிறு வீங்கித்தான் செத்தாவ.”

“பிறகு ஏம்மா அவர் சபையில அப்படிச் சொன்னாரு?”

உள்ளே அழுது ஓய்ந்து படுத்திருந்த மகளை அவள் திரும்பிப் பார்த்தாள்.

“கிரேஸுக்குக் கல்யாணம் பேசியிருக்குய்யா. குடின்னா அவுகளோட போயிரும். குடும்ப நோவுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? அவுக குடிகாரராவே இருந்துட்டுப் போவட்டும்.”